ரிமோட்டில் ஒட்டிய பிளாஸ்திரி

கல்யாண வரவேற்பு டிஸ்க்கில் கீறல் விழுந்து, படம் நடுநடுவே உறைந்து நின்றது. படம் போனால் போகட்டும், அடியில் ஓடும் வரிகளையாவது காப்பாற்றலாம் என்று அவள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். சின்ன வயதுக் காய்ச்சலில் காது போனவள். அன்று மேடையில் யார் என்ன பேசினார்கள் என்று அவளுக்குச் சொன்னவை அந்த வரிகள்தான். வீடியோக்காரரைப் படாதபாடு படுத்தி அவற்றைப் போடவைத்தவர் அவள் கணவர். "கல்யாண வீடியோவுக்கு சப்டைட்டில் போட்ட புருஷன் உலகத்துலயே நான் ஒருத்தன்தான்" என்று இன்றும் பீற்றிக்கொள்வார்.

டிஸ்க்கில் அந்த வரிகள் எழுத்தாக இருப்பதில்லை. குட்டிக் குட்டிப் படங்களாக இருக்கும். மென்பொருள் அவற்றைப் படித்து எழுத்தாக்கும், புரியாத இடத்தில் நம்மிடம் கேட்கும். அச்சகத்தில் பிழை திருத்துகிறவளுக்கு இது கைவந்த வேலை.

டிஸ்க்கைத் திறந்ததும் திரை அந்த வரிகளின் இரண்டு தொகுப்புகளைக் காட்டியது. இரண்டும் தமிழ். டிவியில் அவள் பார்த்ததெல்லாம் ஒன்றுதான். சப்டைட்டிலை மாற்றும் பொத்தானை அமுக்கினால் படம் நின்றுவிடும் என்று கணவர் ரிமோட்டில் அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டிவைத்திருந்தார். இரண்டாவது வெறும் நகலாக இருக்கும் என்று நினைத்து இரண்டையும் எடுத்து, தொழில் பழக்கத்தில் அருகருகே வைத்துப் படித்தாள்.

நாத்தனார் மைக் பிடித்த இடம் வரை ஒரு வார்த்தை பிசகவில்லை. அந்த இடத்தில் அவளுக்கு மனப்பாடமான வரி: "என் தம்பி பொண்டாட்டி தங்கம்." அடுத்து கணவரின் பதில்: "இவ கிடைச்சது என் அதிர்ஷ்டம்க்கா."

இரண்டாவது தொகுப்பில் இப்படி இருந்தது: "என் தம்பி கெட்டிக்காரன். காது கேக்காத பொண்டாட்டியாப் பாத்துப் பிடிச்சிருக்கான். என்ன திட்டினாலும் சிரிச்சுக்கிட்டே நிப்பா, பாருங்க."

அடுத்த வரி மண்டபத்தின் சிரிப்பு. கணவரின் பதிலே இல்லை.

அன்று எல்லோரும் சிரித்தது அவளுக்கு நினைவிருந்தது. மைக் மறைத்ததில் நாத்தனாரின் உதட்டசைவை அவளால் படிக்க முடியவில்லை. ஏன் சிரித்தார்கள் என்று கேட்டதற்கு, அக்கா பேச்சின் நடுவில் தும்மிவிட்டாள் என்றார் கணவர். ஊரோடு சேர்ந்து அவளும் சிரித்துக்கொண்டுதான் நின்றாள்.

சமையலறையில் கணவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். மதியச் சாப்பாட்டுக்கு அதே அக்கா வருகிறாள். மனைவி அவரைக் கையைப் பிடித்து அழைத்துவந்து திரை முன் நிறுத்தினாள். படித்ததும் அவர் முகம் செத்துப்போயிற்று. வீடியோக்காரர் முதலில் உள்ளதை உள்ளபடி போட்டாராம். தான்தான் மாற்றி எழுதிக் கொடுத்தாராம். பழையதை அந்த ஆள் அழிக்காமல் விட்டுவிட்டாராம்.

"உன் மனசு நோகக்கூடாதுன்னுதான்..."

"அது கிடக்கட்டும். அன்னிக்கு நீங்க என்னங்க சொன்னீங்க?"

அவளிடம் எப்போதும் பேசுவதுபோல் முகத்தை நேரே வைத்து, உதடு தெரிய, மெதுவாகச் சொன்னார். "ஒண்ணும் சொல்லல."

இத்தனை வருஷமாக அந்த ஒரு வரியை நம்பித்தான் நாத்தனாரின் கோணல் பார்வைகளை அவள் பொறுத்துக்கொண்டிருந்தாள். புருஷன் தன் பக்கம் நின்றவர் என்று. இனி இவர் எதைச் சொன்னாலும், நடந்தது இதுதானா என்று மனம் கேட்காமல் விடுமா?

நாத்தனார் வந்தாள். சாப்பிட உட்கார்ந்தார்கள். குழம்பை வாயில் வைத்தவள், தலையைத் தட்டுக்குள் கவிழ்த்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்துச் சிரித்தாள். அவளுக்கு வழக்கம்தான். கணவர் மட்டும் வழக்கம்போல் இல்லை. அக்கா பக்கம் முழுதாகத் திரும்பினார். மனைவிக்கு அவர் பிடரிதான் தெரிந்தது. காது மடல் சிவந்திருந்தது. அவர் பேசப் பேச நாத்தனாரின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டது.

அவர் திரும்பி மனைவியிடம் வாய் திறந்தார். அவள் கையைக் காட்டித் தடுத்தாள்.

"நீங்க வேணாம். அண்ணி, நீங்க சொல்லுங்க. இவரு என்ன சொன்னாரு?"

நாத்தனார் தம்பியைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக, அவள் தன் முகத்தை மனைவியின் முகத்துக்கு நேரே வைத்தாள். உதடு தெளிவாகத் தெரிந்தது.

"இனிமே உன்னை ஒரு வார்த்தை பேசினா, இந்த வாசப்படி மிதிக்காதேன்னு சொல்றான்."

மனைவி தலையசைத்தாள். காலியாகிக் கிடந்த நாத்தனாரின் டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். கொஞ்சம் வெளியே சிந்தியது.