ஏழாம் நம்பர் சென்ட்

சூர்யகலாவுக்குத் தன் மூக்கின் மேல் கொஞ்சம் திமிர் உண்டு. போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் கூடத்தில் ஒன்பது வருஷமாக வேலை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், கடையில் வாங்கிய சென்ட்டுகளைப் பற்றிச் செல்போனில் பேசி வீடியோ போடுவாள். அதைப் பார்த்து யார் சிரித்தார்களோ இல்லையோ, கோயம்புத்தூரில் சென்ட் தயாரிக்கும் ஒரு கம்பெனி அவளைக் கண்டுபிடித்துவிட்டது. முகர்ந்து பார்த்துக் குறை நிறை சொல்ல அவர்களுக்கு ஒரு ஆள் தேவையாம். இரண்டு சுற்றில் தேறிவிட்டாள். கடைசிச் சுற்றுக்குச் சுண்டுவிரல் உயரத்தில் ஒரு குப்பி வந்தது. பேர் இல்லை, ஏழு என்று எண் மட்டும் ஒட்டியிருந்தது. காலை ஆறு மணிக்குப் பூசிக்கொள்ள வேண்டும், பதினோரு மணிக்குப் போனில் கூப்பிடுவார்கள், உள்ளே என்னென்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும். தேறினால் வேலை.

அன்றைக்குக் கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டாள். வேறு வழியில்லை. ஏலக்காய், தன் பக்கத்தில் இருக்கும் வாசத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும் என்று, மல்லிகைப் பூ வைத்து வந்தால்கூட வாசலிலேயே கழற்றி வைக்கச் சொல்பவர் சூப்பர்வைசர் பேச்சிமுத்து. சென்ட் பூசிக்கொண்டு போனால் அவளையே கழற்றி வைத்துவிடுவார்.

தலைக்குக் குளித்து, கடை மடிப்புக் கலையாத புதுச் சுடிதாரை மாட்டிக்கொண்டு, மணிக்கட்டிலும் கழுத்திலும் இரண்டு சொட்டுப் பூசினாள். அடேயப்பா, என்ன வாசம்! மிளகு முதலில் சுரீரென்று ஏறியது. பின்னாலேயே பட்டை, கிராம்பு. அதெல்லாம் ஒதுங்கி வழிவிட்டதும் சாம்பிராணி வந்தது. புகையாக எழும்பும் சாம்பிராணி இல்லை. போட்ட மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் வீட்டுக்குள் நிற்குமே, அது. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. டவுனுக்குள் இருந்தால் மூக்கு குழம்பிவிடும், மலை மேலே காற்று சுத்தமாக இருக்கும் என்று எஸ்டேட் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்த கன்னையனின் ஜீப்பில் தொற்றிக்கொண்டாள்.

“என்னாத்தா சூர்யா, லீவும் அதுவுமா எங்க கெளம்பிட்ட?” என்றான் கன்னையன்.

“மெட்டு வரைக்கும் ஒரு சோலி இருக்குண்ணே. வெரசா போங்க.”

முதல் வளைவு திரும்புவதற்குள் பக்கத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த மொக்கம்மாள் அவள் கையைப் பிடித்து இழுத்து முகர்ந்தாள். “யாத்தே! கோயிலுக்குள்ள பிரியாணி கிண்டுன மாதிரியில்ல இருக்கு!”

அப்புறம் கேட்க வேண்டுமா? ஜீப்பில் இருந்த பத்துப் பெண்களும் ஆளுக்கொரு தடவை கையை இழுத்துப் பார்த்தார்கள். ஒருத்திக்குக் கறிக்குழம்பு, ஒருத்திக்கு விபூதித் தட்டு, இன்னொருத்திக்குக் கல்யாண மண்டபத்துச் சந்தனம். கை வலித்தாலும் சூர்யகலாவுக்கு ஒரே குஷி. ஒவ்வொரு வளைவுக்கும் ஒன்றாக நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். மிளகு, பட்டை, சாம்பிராணி, சந்தனம், அடியில் லேசாக வெல்லப்பாகு. கிராம்பு என்று எழுதியதை மட்டும் அடித்துவிட்டு, கிராம்புக் காம்பு என்று திருத்தினாள். கிராம்பு மொட்டின் காரம் அதில் இல்லை, காய்ந்த மரத்தூள் வாசம் இருந்தது. இதைக் கண்டுபிடித்ததில் தன் தோளைத் தானே தட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

போடிமெட்டில் இறங்கி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாள். பதினோரு மணி ஆகப்போகும் நேரத்தில், தூத்துக்குடியிலிருந்து உப்பு லோடு ஏற்றி வந்த லாரியின் டிரைவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“ஏம்மா, பையில பாயாசமா வச்சிருக்க? ஏலக்காய் வாசம் ஆளைத் தூக்குதே!”

டீ மாஸ்டர் சிரித்தார். சூர்யகலாவும் சிரித்தாள். வெளியூர்க்காரர்கள் எல்லாரும் சொல்வதுதானே. “போடிக்காரிண்ணே நானு. எங்க மேல அந்த வாசம் இல்லாட்டித்தான் அதிசயம்” என்றாள்.

சொல்லி வாயை மூடவில்லை, சுருக்கென்றது. புதுச் சுடிதார். குளித்த தலை. எங்கிருந்து வரும் ஏலக்காய்?

“அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. இதை மோந்து பாருங்க” என்று துப்பட்டாவின் நுனியை நீட்டினாள்.

“இதுல துணிக்கடை வாசந்தாம்மா.”

கையை நீட்டினாள்.

“இந்தா, இங்கதான்! அரைக் கிலோ ஏலக்காய அரைச்சுப் பூசுன மாதிரில்லா இருக்கு!”

அவள் மணிக்கட்டை மூக்கோடு அழுத்தி இழுத்தாள். மிளகு வந்தது, காம்பு வந்தது, சாம்பிராணி வந்தது. ஏலக்காய் வரவே இல்லை. ஒன்பது வருஷமாக மூச்சோடு மூச்சாகப் போய் வந்த வாசத்தை அவளுடைய மூக்கு ஒரு வாசமாகவே கணக்கில் வைக்கவில்லை. ஜீப்பில் வந்த பத்துப் பேரும் ஏலக்காட்டுப் பெண்கள். அவர்களிலும் ஒருத்தியாவது சொன்னாளா? நோட்டில் முதல் வரியாக ஏலக்காய் என்று எழுதிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? பேனாவைத் திறந்தாள். அதற்குள் போன் அடித்தது.

கம்பெனியில் சென்ட் கலக்குகிற தமிழ்செல்விதான் பேசினாள். சூர்யகலா நோட்டில் உள்ளதை ஒன்று விடாமல் படித்தாள்.

“வேற ஏதாவது?”

திறந்த பேனாவை மூடினாள். “ஏலக்காயும் இருக்குங்க்கா. ஆனா அதை நான் கண்டுபிடிக்கல. இங்க ஒரு உப்பு லாரி டிரைவர் சொன்னாரு. எனக்கு இப்பவும் அது தெரியல. நாள் பூராம் ஏலக்காய்க்குள்ளயே கெடக்கேன், மூக்கு மரத்துப்போச்சு போல.”

அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“சூர்யகலா, அந்தக் குப்பியில பாதிக்கு மேல ஏலக்காய்தான்” என்றாள் தமிழ்செல்வி.

“தெரியுதுங்க்கா. மன்னிச்சிருங்க.”

“முழுசாக் கேளுங்க. ஆறு பேருக்கு அனுப்புனோம். மத்த அஞ்சு பேரும் ஏலக்காயைத் தாண்டி உள்ள போகவே இல்ல. அதுக்குப் பின்னாடி கிராம்புக் காம்பு இருக்குன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான். அதைக் கலந்தவளே நான்தான், எனக்கே மோந்தா தெரியல. எங்க சரக்கு எல்லாமே ஏலக்காய்ல பண்றதுதான். இந்த மூக்கைத்தான் ஒரு வருஷமாத் தேடிக்கிட்டிருக்கோம்.”

“அப்ப… வேலை?”

“உங்களுக்குத்தான்.”

சூர்யகலா போட்ட கூச்சலில் டீ மாஸ்டர் பாலைக் கீழே ஊற்றிவிட்டார். “நாளைக்கே கெளம்பி கோயம்புத்தூர் வர்றேங்க்கா!”

“ஐயையோ, வந்துராதீங்க! அங்கேயே, அந்த ஏலக்காய்க்குள்ளயே இருங்க, குப்பியை நாங்க அனுப்பி வைக்கிறோம். இங்க வந்தா ஆறே மாசத்துல உங்களுக்கும் ஏலக்காய் வாசம் தெரிய ஆரம்பிச்சுரும்.”