மற்ற ஒன்பது பேர்

"டெசிமேட்னா நெறைய பேரக் கொல்றது மேம்" என்றாள் இலக்கியா. சிதம்பரத்தில் நான் ஆங்கிலம் நடத்தும் வகுப்பின் வாயாடி அவள். அரைகுறையாகச் சொல்லாதே, உட்கார் என்றேன். லத்தீனில் டெசிமஸ் என்றால் பத்தாவது. சண்டையில் பயந்து ஓடிவந்த ரோமானியப் படையைப் பத்துப் பத்துப் பேராக நிறுத்திச் சீட்டுப் போடுவார்கள். சீட்டு விழுந்தவனை மற்ற ஒன்பது பேரும் அடித்தே கொல்ல வேண்டும். "கூட சோறு தின்னவனையா மேம்?" என்றாள். ஆமாம், அவனைத்தான் என்று சொல்லும்போதே செல்போன் அடித்தது. அம்மா. தம்பி ராபர்ட்டைக் கம்பெனி கேட்டில் அடித்துப் போட்டுவிட்டார்களாம், கடலூர் ஆஸ்பத்திரியில் இருக்கிறானாம்.

பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வந்தேன். குடிகாட்டுப் பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனியில் அவனும் என் வீட்டுக்காரர் அன்பரசும் ஒரே கான்ட்ராக்ட் செட்டு, மொத்தம் பத்துப் பேர். ஸ்ட்ரைக் செய்ததற்கு, ஒருத்தன் வெளியே போனால்தான் மற்றவர்களுக்கு வேலை, யாரென்று நீங்களே முடிவு பண்ணுங்கள் என்றான் மேனேஜர். இந்த மானங்கெட்டவர்களும் ஒத்துக்கொண்டார்கள். அந்தோணியார் திருவிழாவுக்குத் தேர் தூக்க ஆள் எடுக்கிற மாதிரி, ஜெபம் சொல்லித் திருவுளச்சீட்டுப் போட்டார்கள். சாமி எடுத்த சீட்டுக்கு எங்கள் ஊரில் மறுபேச்சு கிடையாது. ராபர்ட் பெயர் வந்தது. அவன் கேட்கவில்லை. காலையில் யூனிபார்மைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறான்.

ஆஸ்பத்திரியில் அவன் முகம் எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஒரு கண் இருந்த இடமே வீங்கி மூடிக் கிடந்தது. மண்ணீரல் கிழிந்துவிட்டது, உடனே ஆபரேஷன், ரத்தம் வேண்டும் என்றார் டாக்டர். வராண்டாவில் அன்பரசும் அவர் பின்னால் அந்த எட்டுப் பேரும் நின்றிருந்தார்கள். சட்டையெல்லாம் ரத்தம்.

"யாரு அடிச்சது?"

"நாங்கதான் ராணி. மச்சான் உள்ள போயிருந்தா எல்லாருக்கும் வேல போயிருக்கும். கையெடுத்துக் கும்புட்டோம், கேக்கல."

கன்னத்தில் விட்டேன். இன்னொன்றும் விட்டேன். அவர் முகத்தைத் திருப்பவில்லை. "நீயெல்லாம் வெளங்குவியாய்யா" என்று சட்டையைப் பிடித்து உலுக்கினேன். அங்கேயே அவரைக் கொன்று போட்டுவிடலாம் போல இருந்தது.

"ஓ நெகட்டிவ் யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டபடி நர்ஸ் வந்தார். அன்பரசு ஒருவர்தான் கை தூக்கினார். சட்டையைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்துவிட்டு, "ஒங்க ஆளாம்மா? சீக்கிரம் அனுப்புங்க, நேரமில்ல" என்றார் நர்ஸ். சட்டையை விட்டேன்.

ரத்தம் எடுக்கிற அறையின் கதவு சரியாக மூடவில்லை. அவரைப் படுக்கவைத்து ஊசியைக் குத்தி, உள்ளங்கையில் ஒரு ரப்பர் பந்தை வைத்து, நல்லா அமுக்கி அமுக்கி விடுங்க என்றார் நர்ஸ். விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது. அந்தக் கை பந்தை இறுக்கியது, விட்டது, மறுபடி இறுக்கியது.