தட்டு ஸ்டாண்டு நிற்காத சுவர்

இரண்டாவது முறையும் தட்டு ஸ்டாண்டு சுவரைப் பெயர்த்துக்கொண்டு விழுந்தபோது, இருசம்மாள் புருஷனைத் திட்டவில்லை. நசுங்கிய சொம்பைக் கையில் எடுத்து, "இன்னொரு வாட்டி வுழுந்தா நான் ஒல வெக்க மாட்டேன்" என்று மட்டும் சொன்னாள். அவள் கத்தியிருந்தாலே தேவலை என்றிருந்தது பச்சமுத்துவுக்கு.

முதலில் குட்டை ஸ்க்ரூ. அடுத்து விரல் நீளத்தில் ஒன்று, அதற்கேற்ற பிளாஸ்டிக் பிளக். இரண்டும் செங்கல் தூளோடு கையில் வந்துவிட்டன.

சுவரின் லட்சணம் அப்படி. வாய்க்கால் தண்ணீருக்குச் சண்டை போட்டு, தம்பி பகலவனும் அவனும் அப்பன் வீட்டைப் பங்கு பிரித்தபோது, இந்த நடுச்சுவருக்கு விரலளவு இடம் விட இரண்டு பேருக்கும் மனசு வரவில்லை. கொத்தனார் தலையில் அடித்துக்கொண்டு, செங்கல்லை விளிம்பில் நிறுத்தி மூன்றங்குலத்தில் கட்டிவிட்டுப் போனார். அன்றோடு அண்ணன் தம்பி பேச்சும் நின்றது.

கள்ளக்குறிச்சி கடைக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "அதுல எந்த பிளக்கும் நிக்காதுங்க. பெருசா அடிச்சா சொவுருதான் வெடிக்கும். தொளைய அந்தாண்ட வரிக்கும் வுடுங்க. நீள போல்ட்டு, பின்னாடி அகலமா தகடு, நட்டு. அந்தாண்ட ஒருத்தரு புடிச்சிக்கினா இந்தாண்ட முடுக்கிடலாம்."

பச்சமுத்து போல்ட்டு, தகடு, நட்டு எல்லாம் வாங்கிக்கொண்டான். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் வேறு இடம் யோசித்தான். சமையற்கட்டில் மற்ற மூன்று பக்கமும் அடுப்பு, சன்னல், கதவு. தம்பி முகத்தில் எப்படி முழிப்பது என்று வெட்கம் பிடுங்கித் தின்றது.

கடைசியில் தம்பி வாசலில் போய் நின்றான். "ஸ்டாண்டு மாட்ட சொவுத்துல தொள போடணும். ஒம் பக்கமும் வரும்."

சாப்பிட்டுக்கொண்டிருந்த பகலவன் கையைக் கழுவினான். சுவரோரம் இருந்த மூட்டைகளை நகர்த்தினான்.

பச்சமுத்து தகடுகளையும் நட்டுகளையும் அவனிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து டிரில் போட்டு, துளைக்குள் முதல் போல்ட்டைத் தள்ளினான். அந்தப் பக்கம் ஒரு கை அதில் தகட்டையும் நட்டையும் மாட்டிப் பிடித்தது.

"புடிச்சிக்கினியா?"

"புடிச்சிக்கினு கீறேன். முடுக்குண்ணே."

எத்தனையோ நாள் கழித்துக் காதில் விழுந்த 'அண்ணே'. பச்சமுத்து நாலு போல்ட்டையும் முடுக்கிவிட்டு, ஸ்டாண்டைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தான். அசையவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பகலவன் கேட்டான்: "போல்ட்டு இந்தாண்ட நீட்டிக்கினு கீதுண்ணே. எங்க ஸ்டாண்டும் ரெண்டு வாட்டி வுழுந்துட்ச்சி. இதுலயே மாட்டிக்கவா?"

"மாட்டிக்க. அப்பறம் ஒருத்தர கேக்காம ஒருத்தரு கழட்ட முடியாதுடா."

"யாரு கழட்டப் போறா," என்றான் பகலவன்.