வேலியோரத்து சீடர் மரம்

இந்தக் காலத்து ஆட்களுக்கு ஒரு கப் காபியும் டோனட்டும் கொடுத்தால் போதும், எதையும் நம்பிவிடுகிறார்கள். தேவாலயக் கூடத்தில் எவனோ வந்து திரையில் படம் காட்டினான். சீடர் என்கிற ஊசியிலை மரம் நிலத்துத் தண்ணீரை எல்லாம் குடித்துவிடுகிறதாம், வெட்டினால் வற்றின ஊற்று திரும்புமாம். மறுநாளே எங்கள் டெக்சஸ் மேடு முழுக்க ரம்பச் சத்தம்.

என் மச்சான் ஹில்மாரும் நம்பினான். மழை பொய்த்து அவன் ஊற்று வெறும் கசிவாகிவிட்டது. மாடுகளில் பாதியை விற்றிருந்தான். அவன் நிலத்துக்கும் என் நிலத்துக்கும் நடுவே, வேலிக் கோட்டிலேயே நின்றது பெரிய சீடர். பெண் மரம், கிளை கொள்ளாமல் நீலக் காய். அடியில் கல்தொட்டி. கசிகிற தண்ணீர் அதில்தான் சேரும்.

ஹில்மாரின் அக்கா லியோனா என் மனைவி. பக்கவாதத்தில் அவளுக்குப் பேச்சு போய்விட்டது. சமையலறை ஜன்னலில் உட்கார்ந்து அந்த மரத்தையே பார்ப்பாள். பிப்ரவரியில் குருவிக் கூட்டம் வந்து இறங்கினால் கரண்டியால் கண்ணாடியைத் தட்டுவாள். அவளிடமிருந்து வருகிற சத்தம் அது ஒன்றுதான்.

அன்று காலை கரண்டி தட்டியது. வெளியே போனேன். கொண்டை வைத்த சீடர் குருவிகள், நூற்றுக்கணக்கில். குளிர்காலம் முழுக்க அந்த மரத்தைக் காவல் காத்த ஒற்றைச் சாம்பல் குருவி அவற்றுக்குள் பாய்ந்தது. ஒன்றின் கண்ணைக் கொத்தியது, இன்னொன்றைத் தரையில் அழுத்தி மண்டையைக் கொத்தியது. மற்றவை விலகக்கூட இல்லை; காயை விழுங்கிக்கொண்டே இருந்தன. தொட்டியில் குடித்துக்கொண்டிருந்த ஒன்றை வல்லூறு அடித்துத் தூக்கியது. தண்ணீரில் இறகு மிதந்தது.

அப்போதுதான் மோட்டார் ரம்பம் உறுமியது. ஹில்மார் மரத்தடியில் குந்தியிருந்தான்.

"டேய், அது எம்மரம்."

"பாதி என்னுது மச்சான். எம்பாதிய வெட்டுறேன். உம்பாதி நின்னா நிக்கட்டும்."

"ஒங்கக்கா பாத்துட்டிருக்கா."

"எம்மாடும்தான் பாத்துட்டிருக்கு, நாக்கத் தொங்கப்போட்டுட்டு. அக்காவுக்கு டிவி வாங்கிக் குடு."

ரம்பத்தை மரத்தில் வைத்தான். பட்டை தெறித்தது; நான் கத்தக் கத்த அறுத்துக்கொண்டே போனான். குழி தோண்டும் கடப்பாரை கைக்கெட்டும் தூரத்தில் வேலியில் சாய்ந்திருந்தது. எடுத்து அவன் தோளில் போட்டேன். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. கை தளர்ந்து, ஓடுகிற ரம்பம் சரிந்து அவன் காலில் விழுந்தது. பூட்ஸ் கிழிந்து ரத்தம் கொப்பளித்தது. அப்படியும் விடவில்லை. நல்ல கையால் என் சட்டையைப் பிடித்து இழுத்து, நெற்றியால் என் மூக்கை உடைத்தான். இருவரும் தொட்டிச் சேற்றில் புரண்டோம். அவன் தொண்டையில் என் முழங்கால், என் காதில் அவன் பல். தலைக்கு மேலே குருவிகள் தின்றுகொண்டே எங்கள் மேல் எச்சம் போட்டன.

பாதிக்கு மேல் அறுபட்டிருந்த மரம் முனகியது. காற்று ஒரு தள்ளு தள்ள, வேலியை நசுக்கிக்கொண்டு விழுந்தது. கூட்டம் மொத்தமும் எழும்பிப் போயிற்று. கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது.

என் பெல்ட்டால் அவன் தொடையை இறுக்கிக் கட்டி, வண்டியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியெல்லாம் என்னை வைதுகொண்டே வந்தான். அதனால் பிழைப்பான் என்று தெரிந்தது.

மார்ச்சில் ஊற்று ஓடியது. ஹில்மார் ஊன்றுகோலோடு வந்து தொட்டியைத் தட்டிக் கூப்பிட்டான்.

"பாத்தியா மச்சான்? வழிஞ்சு ஓடுது."

"போன வாரம் பெஞ்ச மழை."

"அந்த மழையில தூசிகூட அடங்கல."

"மலைக்கு அந்தாண்ட பெஞ்சிருக்கும்."

"ஒத்துக்கிட்டா மூக்கு இன்னொரு தடவையா ஒடஞ்சிடும்?"

அந்நேரம் கூட்டம் வந்தது. மரம் நின்ற இடத்தை இரண்டு சுற்று சுற்றியது. தொட்டியில் இறங்கி, குடித்துவிட்டு வடக்கே போய்விட்டது. தங்கக்கூட இல்லை. நான் ஜன்னலைப் பார்த்தேன். லியோனா கரண்டியை மடியில் வைத்திருந்தாள். தட்டவில்லை.

"தண்ணிக்காவது வருதுல்ல" என்றான் ஹில்மார், குரல் இறங்கி.

வேலியோரமாக வீட்டைப் பார்த்து நடந்தேன். பின்னால் தண்ணீர் சலசலத்தது. மழைத் தண்ணீர்தான்.