சின்ன டிஸ்க்கை மட்டும் விட்டுட்டு வா

சின்னவன்னு வீட்ல கூப்பிடுற பேரு. வயசு இருபத்திநாலு. இருக்கிறது வீட்ல இருந்து ரெண்டு விமானம் மாறிப் போற தூரத்துல, மூணாவது மாடியில, ஒத்த ஜன்னல் ரூம்ல. ஏசி மாட்டுற கம்பெனியில உதவியாள் வேலை. மத்தவங்க ஏறுவாங்க, இவன் ஏணியைப் பிடிச்சுக்கிட்டு நிப்பான். எதுக்கெடுத்தாலும் பயம். கதவைப் பூட்டிட்டு நாலு படி இறங்கி, திரும்ப ஏறி வந்து பூட்டை ஆட்டிப் பார்த்துட்டுதான் வேலைக்கே போவான்.

குடும்பத்தோட மொத்தப் பொழுதுபோக்கும் இவன் கட்டிலுக்கு அடியிலதான் இருந்துச்சு. ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டி, அதுக்குள்ள நாலு பெரிய டிஸ்க். அப்பா வருஷக்கணக்கா டிவியில இருந்து பதிவு பண்ணி வச்ச படங்கள், அக்கா கல்யாண வீடியோ, ஆயிரத்து நூறு பகுதி ஓடுன ஒரு வக்கீலம்மா சீரியல், எல்லாம் அதுலதான். அங்க வீட்டு ஹால் டிவியிலயும், அவங்கவங்க போன்லயும் இன்டர்நெட் வழியா இதைத்தான் பார்ப்பாங்க.

பெட்டிக்கு வயசாயிடுச்சு. அதோட ஃபேன் போட்ட சத்தத்துல, ராத்திரி வேலை முடிச்சுட்டு வர்ற, ரூம்ல கூட இருக்கிற பேக்கரி அண்ணனுக்குப் பகல் தூக்கம் போச்சு.

"தம்பி, இது படம் காட்டுற பெட்டியா, மாவு அரைக்கிற மெஷினா?"

ஒரு நாள் சூடு தாங்காம பெட்டி தானாவே அணைஞ்சுது. அதுவும் எப்போ? வக்கீலம்மா கூண்டுல நின்ன ஆளைப் பார்த்து விரலை நீட்டுன நேரத்துல. அம்மா உடனே போன் போட்டாங்க. "டேய், நீட்டுன விரல் நீட்டுனபடியே நிக்குதுடா!"

சரின்னு டிபன் பாக்ஸ் அளவுல ஒரு புதுப் பெட்டி வாங்குனான். வாங்குன சந்தோஷத்துல குடும்ப குரூப்புல பேசி அனுப்புனான்: "ஞாயித்துக்கிழமை பெட்டியை மாத்துறேன். நாலு டிஸ்க்கும் அப்படியே புதுசுக்குப் போயிடும், ஒரு படம் கூட அழியாது. யார் யார் எதை எதுவரைக்கும் பார்த்திருக்கீங்கங்கிறதும் வந்துரும். புதுப் பெட்டியில அது முதல் பக்கத்துலயே எல்லாருக்கும் அழகாத் தெரியும்."

வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்.

பத்தே நிமிஷத்துல அப்பா கூப்பிட்டாரு. பின்னாடி தண்ணி சத்தம்.

"என்னப்பா, குளிச்சுக்கிட்டே பேசுறீங்களா?"

"குழாயைத் திறந்து விட்டிருக்கேன். உங்கம்மா காதுல விழக் கூடாது."

இந்த இடத்துல அந்த வீட்டுச் சட்டம் ஒண்ணைச் சொல்லியாகணும். இதுக்கு முந்தின சீரியல்ல கொலைகாரன் யாருன்னு அப்பா முன்கூட்டியே பார்த்துட்டு உளறிட்டாரு. அம்மா மூணு நாள் பேசல. அதுல இருந்து ரெண்டு பேரும் சத்தியம் பண்ணிக்கிட்டாங்க: சாயங்காலம் ஹால்ல, ஒண்ணா உக்காந்து, ஒரு நாளைக்கு ஒரே ஒரு பகுதி. யாரும் முன்னாடி ஓடக் கூடாது. ஹால் டிவி இப்போ அறுநூத்தி நாப்பதுல நிக்குது.

"நான் அறுநூத்தி எண்பத்திமூணுடா," அப்பா குரல் தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாதிரி வந்துச்சு. "மத்தியானம் நம்ம கடைக்கு ஆள் வராது. என்ன பண்ணச் சொல்றே? தெரிஞ்ச விஷயத்துக்கு தினம் சாயங்காலம் அதிர்ச்சி ஆகி ஆகி எனக்குக் கண்ணே வலிக்குது. சரி, யார் எவ்ளோ பார்த்தாங்கங்கிறது எதுல இருக்கு?"

"படமெல்லாம் பெரிய டிஸ்க்லப்பா. அது மட்டும் பழைய பெட்டியில தனியா ஒரு சின்ன டிஸ்க்ல இருக்கு."

"அந்தச் சின்ன டிஸ்க்கை மட்டும் விட்டுட்டு வா. ராசா இல்ல?"

அப்பா வச்சு ஒரு மணி நேரத்துல அம்மா கூப்பிட்டாங்க. ஆபீஸ் பஸ்ஸுல இருந்து, கிசுகிசுன்னு.

"சின்னவனே, நான் எழுநூத்தி ரெண்டுடா."

"அம்மா!"

"கத்தாதே. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், பஸ்ஸுல ஜன்னலையா பார்த்துக்கிட்டு வருவேன்? உங்கப்பா பாவம்டா. ஒவ்வொரு நாளும் எப்படி அதிர்ந்து போறாரு தெரியுமா? நான் முன்னாடியே பார்த்துட்டேன்னு தெரிஞ்சா மனுஷன் நொறுங்கிப் போயிடுவாரு."

அக்காவுக்கு எப்பவுமே மோப்பம் பிடிக்கிற மூக்கு. அவ குரூப்புலயே போட்டா: "எல்லாம் அப்படியே வரணும் தம்பி. ஒரு புள்ளி குறைஞ்சாலும் உன்னை விடமாட்டேன்."

அவனும் அக்கா பக்கம்தான் சாஞ்சிருப்பான். ஆனா அப்பதான் அவனுக்கு ஞாபகம் வந்துச்சு. அந்தச் சின்ன டிஸ்க்ல அவன் குட்டும் இருக்கே!

ஏசி மெக்கானிக் பரீட்சைக்கு முப்பது பாடம், வீடியோவா, அதே பெட்டியிலதான் வச்சிருந்தான். அதுல பாஸ் பண்ணாதான் வேலை நிரந்தரம், இல்லன்னா மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். ஞாயித்துக்கிழமையில இருந்து எண்ணுனா பரீட்சைக்கு இருபதே நாள். அம்மா கேக்குற ஒவ்வொரு வாரமும் ஒரு நம்பரை ஏத்திச் சொல்லிக்கிட்டே வந்து, இப்ப "பதினெட்டு முடிச்சுட்டேன்மா"ல நிக்கிறான். உண்மையில பார்த்தது நாலு நிமிஷம்.

ஞாயித்துக்கிழமை வேலையை ஆரம்பிச்சான். டிஸ்க் ஒவ்வொண்ணுலயும் நம்பர் ஒட்டுனான். போட்டோ எடுத்தான். போட்டோ சரியா வந்துச்சான்னு அதையும் ஒரு போட்டோ எடுத்தான். கழட்டுன திருகாணியெல்லாம் டீ கிளாஸ்ல. சின்ன டிஸ்க்கைக் கழட்டி ஒரு சாக்ஸுக்குள்ள சுருட்டி, அலமாரிக்கு அடியில தள்ளுனான். யாருக்கும் தெரியாது. தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிக்கலாம்.

நாலு பெரிய டிஸ்க்கையும் புதுப் பெட்டியில சொருகி ஆன் பண்ணான். திரையில ஒரு கேள்வி. டிஸ்க்ல ஏற்கனவே ஏதோ இருக்கு, அழிச்சுட்டுப் புதுசா ஆரம்பிக்கவா, இருக்கிறதை அப்படியே வச்சுக்கவான்னு. ஏழு தடவை படிச்சான். பேக்கரி அண்ணனை எழுப்புனான்.

"எதை அமுக்கப் போறே?"

"ரெண்டாவதுண்ணே. அப்படியே வச்சுக்கிறது."

"அப்புறம் விரல் ஏன்டா முதல்லயே நிக்குது?"

அலறி அடிச்சு விரலை எடுத்து, ரெண்டாவதை அமுக்குனான். டிஸ்க் நாலும் முனகிச்சு, சுத்துச்சு. படங்கள் வரிசையா வந்து நின்னுச்சு. அப்பாடான்னு சுவத்துல சாஞ்சான். அப்ப கீழே ஒரு வரி: யார் எதுவரைக்கும் பார்த்தாங்கங்கிற பழைய குறிப்புகளோட நகல் மூணாம் டிஸ்க்ல இருந்துச்சு, எல்லாத்தையும் சேர்த்தாச்சு.

ரெண்டு வருஷம் முன்னாடி, எங்க தொலைஞ்சிடுமோன்னு பயந்து, தினமும் ஒரு நகல் மூணாம் டிஸ்க்ல விழுற மாதிரி இவனே செஞ்சு வச்சிருந்தான். செஞ்சதை மறந்தே போயிட்டான். சாக்ஸுக்குள்ள சுருட்டுனது வீண்!

ஓடி நிறுத்துறதுக்குள்ள வீடியோ கால் வந்துருச்சு. அக்கா ஹால் டிவியைப் போட்டுட்டா. சோபாவுல அப்பா ஒரு ஓரம், அம்மா ஒரு ஓரம்.

"முதல் பக்கம் சூப்பரா இருக்குடா தம்பி!" அக்கா சத்தமா வாசிச்சா. "ஹால், அறுநூத்தி நாப்பது. அப்பா... அறுநூத்தி எண்பத்திமூணு."

அம்மா மெதுவாத் திரும்புனாங்க. "என்னங்க இது?"

"அம்மா, எழுநூத்தி ரெண்டு."

இப்ப அப்பா திரும்புனாரு. "எழுநூத்தி ரெண்டா? அடிப்பாவி! நேத்து என் தோள்ல சாஞ்சு அழுதியே!"

"நீங்க நெஞ்சுல கை வச்சுக்கிட்டு தண்ணி கேட்டீங்களே! நான் எழுந்து போய் எடுத்துட்டு வந்தேனே!"

"அது இருக்கட்டும். வக்கீலம்மாவோட குமாஸ்தா உயிரோட இருக்கானா?"

"சொல்ல மாட்டேன். அனுபவிங்க."

அக்கா சிரிச்சுச் சிரிச்சுக் கீழே உக்காந்துட்டா. அப்புறம் அடுத்த வரியைப் பார்த்தா. சிரிப்பு நின்னுச்சு. வாசிக்கல. ஆனா அம்மாவுக்குக் கண்ணாடி இல்லாமயே அந்த வரி தெரிஞ்சுது.

"பாடம் ஒண்ணு, நாலு நிமிஷம். பதினெட்டுன்னியேடா?"

சின்னவன் ஜன்னலைப் பார்த்தான். "உக்காந்தா கை நடுங்குதும்மா. ஆரம்பத்துலயே அந்த வாத்தியார், இதுல தப்புப் பண்ணா உயிர் போகும்னு சொல்றாரு. அங்கயே நிறுத்திடுறேன். தினமும் அங்கயே."

யாரும் திட்டல. அதுதான் அவனுக்கு இன்னும் பயமா இருந்துச்சு. அப்பா ரிமோட்டை எடுத்தாரு.

"வக்கீலம்மா கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுக்கட்டும். பாடத்தை ஹால்ல போடு. நீ அங்க பாரு, நாங்க இங்க பாக்குறோம். ஒரு நாளைக்கு ரெண்டு பாடம். யாரும் முன்னாடி ஓடக் கூடாது."

"இதை யாரு சொல்றது பாரு," அம்மா முனகுனாங்க.

நாலாம் நிமிஷம் வந்துச்சு. வாத்தியார் உயிர் போகும்னாரு. "போகட்டும், மேல சொல்லுய்யா," அப்பா டிவிக்குப் பதில் சொன்னாரு. சின்னவன் விரல் நிறுத்துற பட்டன் வரைக்கும் போச்சு. ஆனா நிறுத்தல. ஆறாம் பாடத்துல, கேஸ் கசியுதான்னு பார்க்க குழாயில சோப்புத் தண்ணி தடவுன இடத்தோட பாடம் முடிஞ்சுது. "நுரை வந்துச்சா இல்லையா? அடுத்ததைப் போடுங்க!"ன்னு அம்மா துடிச்ச துடிப்பை வக்கீலம்மா கூடப் பார்த்ததில்ல.

பரீட்சைக்கு இன்னும் ஒன்பது நாள். ஹால் இருபத்திரெண்டாம் பாடத்துல நிக்குது, சின்னவனும் சத்தியமா அங்கதான் நிக்கிறான். முதல் பக்கத்துல காட்டுறதை அன்னைக்கே அணைச்சுட்டான். இப்ப எல்லாருடைய வரியும் அவனுக்கு மட்டும்தான் தெரியும். இன்னைக்குக் காலையில பார்த்தான். அப்பா, இருபத்தாறு. அம்மா, இருபத்தேழு. அக்கா முப்பதையும் முடிச்சுட்டா.

இதைப் படிக்கிறவங்க யாரா இருந்தாலும், பரீட்சை முடியிற வரைக்கும் அவங்க வீட்ல இதைச் சொல்லிடாதீங்க.