பிரபுவைப் பார்த்த சாட்சி

டாப்னி ஆல்டர்விக் அம்மையாருக்குப் பத்தடி தூரத்தில் நிற்கும் பசுமாடு தெரியாது. ஸ்டோக் மெலிங் கிராமத்தில் இந்த ரகசியம் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவர் கிளைவ் பெதரிக். பக்கத்துச் சந்தையூரில் வெகுகாலம் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். ஒருநாள் டாப்னி அவருடைய சோதனை நாற்காலியில் உட்கார்ந்து, பலகையின் உச்சியில் இருந்த ஆகப் பெரிய எழுத்தைப் பார்த்துவிட்டு, "அழகான கோபுரம், எந்த ஊர் தேவாலயம்?" என்று கேட்டார். பிறகு, கோளாறு கண்ணில் இல்லை, கடை வெளிச்சத்தில்தான் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். கிளைவ் இதை யாரிடமும் சொல்லவில்லை. சோதனை அறைக்குள் தெரிந்தது அந்த அறையோடு போக வேண்டும் என்பது அவருடைய தொழில் தர்மம்.

அந்த டாப்னிதான் கிராமத்து வண்ணத்துப்பூச்சி சங்கத்தின் தலைவி. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தேவாலயப் பாடகர் குழுவை நடத்தியவருக்குக் காது கேட்காது. தோட்டப் போட்டியின் நடுவருக்கு ரோஜாவைக் கண்டாலே தும்மல். பதவி என்பது யாருக்கு அதிக நேரம் இருக்கிறதோ அவருக்குப் போய்ச் சேருவது.

ஒவ்வொரு வசந்தத்திலும், மழை கொஞ்சம் மனமிரங்கும் சனிக்கிழமைகளில், சங்கத்தார் தொப்பியும் குடையும் முட்டை சாண்ட்விச்சுமாக வயல்வெளிக்குக் கிளம்புவார்கள். வேலியோரம் மெதுவாக நடப்பார்கள். ஏதாவது பறந்தால் நிற்பார்கள், பறக்காவிட்டால் தேநீர் குடிப்பார்கள். கடையை மூடிய பிறகு கிளைவும் அதில் சேர்ந்துகொண்டார். ஊருக்கு வந்து பதினோரு வருடம் ஆகியும் அவரைப் 'புதுசா வந்தவர்' என்றுதான் அழைத்தார்கள். சங்கத்திலும் அவர் புதிதாக வந்தவர்தான். குடை பிடிக்கும் வேலை அவருக்கு.

அந்த வருடம் சங்கத்துக்குப் பாதிரிப் புல்வெளி மேல் திடீரென்று காதல் பிறந்தது. அதற்கு முன்பு அந்தப் பக்கம் யாரும் நாயைக்கூட நடத்திப் போனதில்லை. அங்கே குறைந்த வாடகையில் சின்னச் சின்ன வீடுகள் கட்டி, உள்ளூரில் வீடில்லாதவர்களுக்குக் கொடுக்கப் போவதாக வேலிக்கம்பத்தில் அறிவிப்பு ஒட்டினார்கள். மறுநாளே சங்கத்தார் அந்தப் புல்வெளி தங்கள் உயிர் என்று பேசத் தொடங்கினார்கள்.

"வீடு கட்டக் கூடாதுன்னு யார் சொன்னா?" என்றார் கர்னல் மார்வுட். "தாராளமா கட்டட்டும். வேற எங்கயாவது."

அந்த வீடுகளில் ஒன்றுக்குக் காத்திருந்தவள் கிளைவின் மகள் டாம்சின். கைக்குழந்தை ரோவனோடு அப்பாவின் வீட்டுப் பின்னறையில் இருந்தாள். அந்த அறையில் கட்டிலைப் போட்டால் தொட்டிலுக்கு இடமில்லை. தொட்டிலைப் போட்டால் கதவு திறக்காது. பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்தாள். மூலை வீடு அவளுக்கு என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. அதன் நான்கு மூலையிலும் சிவப்பு நாடா கட்டிய முளைகள்கூட அடித்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய், முளைகளுக்கு நடுவே நின்று, "இது நம்ம சமையலறை, இது நீ அழப்போற இடம்" என்று அவனுக்குச் சுற்றிக்காட்டுவாள்.

இதை நிறுத்த ஒரே ஒருவரால்தான் முடியும் என்று சங்கம் கண்டுபிடித்தது. அவர் பர்கண்டி பிரபு. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய, பழுப்பில் ஆரஞ்சுக் கட்டம் போட்ட வண்ணத்துப்பூச்சி. நாடெங்கும் அருகிப்போனது. அது வாழும் இடம் என்று உறுதியானால் கடப்பாறை இறங்காது.

"பிரபு குடியிருக்கிற இடத்துல வாடகை வீடா? அவருக்கு எப்படி இருக்கும்?" என்றார் டாப்னி, உண்மையாகவே வருத்தப்பட்டு.

மே மாதத்து முதல் சனிக்கிழமை சங்கம் பாதிரிப் புல்வெளிக்குப் போனது. கிளைவும் போனார். போகாமல் இருந்தால் ஏன் வரவில்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள். அதுதான் அந்த ஊரில் ஆகப் பெரிய தண்டனை.

முள்வேலி வெள்ளையாகப் பூத்திருந்தது. சரிவில் கௌஸ்லிப் பூக்கள் மஞ்சள் மஞ்சளாகத் தலைகுனிந்து நின்றன. பிரபு முட்டையிடுவது இந்தச் செடியின் இலையில்தான். திடீரென்று டாப்னி கையை உயர்த்தினார்.

"அசையாதீங்க! பிரபு!"

எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். கிளைவ் அவர் காட்டிய திசையில் பார்த்தார். போன வருடத்து பீச் மரச் சருகு ஒன்று சிலந்தி நூலில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. அதன் நரம்புகள்கூடத் தெரிந்தன.

"ஆஹா, என்ன கம்பீரம்!" டாப்னி திரும்பினார். "நீங்க பாத்தீங்கதானே, கிளைவ்?"

அந்த ஊரில் இப்படிப்பட்ட கேள்விக்கு ஒரு பதில்தான் உண்டு. தேநீர் நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் ஒரு பதில் இருப்பதுபோல. கிளைவின் வாய், அவரைக் கேட்காமலே, அதைச் சொல்லிவிட்டது.

"ஆமா. ரொம்ப அருமையா இருந்துச்சு."

சங்கத்தின் விதிப்படி ஒருவர் பார்த்தால் செல்லாது, இரண்டாவது சாட்சி வேண்டும். இரண்டாவது சாட்சியோ கண்ணாடிக் கடைக்காரர். கர்னல் அவர் தோளில் தட்டினார். முதல் முறையாக வேறு யாரோ அவருக்குக் குடை பிடித்தார்கள்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது டாம்சின் குழந்தைக்குக் கேரட் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தாள். கரண்டி பாதி வழியில் நின்றது.

"அப்பா. நீங்க அதைப் பாத்தீங்களா, இல்லையா?"

"இல்லம்மா."

"அப்புறம் ஏன் பாத்தேன்னு சொன்னீங்க?"

"அவங்க கேட்டாங்க."

கூழ் வராத கோபத்தில் ரோவன் மேசையைக் குத்தினான். இரண்டு பேருக்கும் சேர்த்து அவனே திட்டியதுபோல இருந்தது.

"நாளைக்கே போய்ச் சொல்லிடறேன்," என்றார் கிளைவ்.

"சொல்லுங்க. 'மன்னிக்கணும், ஒருவேளை, இருந்தாலும்'னு இழுக்காம சொல்லுங்க."

மறுநாள் டாப்னியின் வரவேற்பறையில், மடியில் கேக் தட்டோடு, கிளைவ் இழுக்காமல் சொன்னார்: "டாப்னி, நான் நேத்து எதையும் பாக்கல."

டாப்னியின் முகம் நெகிழ்ந்தது. "இதத்தான் நான் எதிர்பாத்தேன். என்ன ஒரு அடக்கம்!"

"அடக்கம் இல்ல. நிஜமாவே பாக்கல. அது காஞ்ச சருகு."

"காஞ்ச சருகாம்! கேட்டீங்களா, கர்னல்?"

கர்னல் மீசையைத் துடைத்துக்கொண்டார். "எனக்குப் பதக்கம் குடுத்தப்போ நானும் இப்படித்தான். 'நான் ஒண்ணுமே செய்யல'ன்னு அடிச்சுச் சொன்னேன். யாரும் நம்பல." கர்னல் பட்டாளத்தில் இருந்த காலம் முழுவதும் போர்வைக் கிடங்கைப் பார்த்துக்கொண்டவர். அன்று அவர் சொன்னதும் உண்மைதான்.

அந்த வாரம் முழுக்க கிளைவ் மறுத்துக்கொண்டே இருந்தார். தபால் நிலையத்தில் மறுத்தார். மதுக்கடையில் மறுத்தபோது, யார் என்றே தெரியாத ஒருவர் அவருக்கு ஒரு பீர் வாங்கிக் கொடுத்தார். தேவாலய வாசலில் மறுத்தார். புதன்கிழமைப் பிரசங்கத்தில் பாதிரியார், பெயரைச் சொல்லாமல், தற்பெருமை அற்ற ஒரு மனிதரைப் பற்றிப் பேசினார். பதினோரு வருடத்தில் நடக்காதது ஏழு நாளில் நடந்தது. 'புதுசா வந்தவர்' போய் 'நம்ம கிளைவ்' வந்தது. கேட்க இனிமையாகத்தான் இருந்தது. அந்த இனிமை வீட்டு வாசல் வரைதான் கூட வரும். உள்ளே, திறக்காத கதவுக்குப் பின்னால், குழந்தை அழுதுகொண்டிருக்கும்.

"இழுத்தீங்களா?" என்று கேட்பாள் டாம்சின்.

"இழுக்கலம்மா. எவ்வளவு பளிச்சுனு சொல்றேனோ அவ்வளவு மரியாதை குடுக்கறாங்க."

அடுத்த சனிக்கிழமை அரசாங்கத்தின் உயிரினப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து மால்கம் ஹெய்ன்ஸ் என்பவர் வந்தார். வண்ணத்துப்பூச்சி உண்டா, இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டியவர் அவர். ஒல்லியான, பசித்த முகம். தானே பார்த்தாலும் சரி, நம்பத் தகுந்த இரண்டு சாட்சிகள் இருந்தாலும் சரி, வீட்டுவேலையை அன்றே நிறுத்திவிடுவார். இரண்டும் இல்லையென்றால் திங்கட்கிழமை மண் தோண்டுவார்கள்.

கிளைவ் அவரை வேலிக் கதவருகிலேயே மடக்கினார். "சார், நான் எதையும் பாக்கல."

ஹெய்ன்ஸ் புன்னகைத்தார். "இப்படித்தான் சொல்வீங்கன்னு ஆல்டர்விக் அம்மா எழுதியிருந்தாங்க. உங்கள மாதிரி ஆளுங்க சொன்னா நம்பலாம் சார். பாத்தேன் பாத்தேன்னு குதிக்கிறவங்ககிட்டதான் ஜாக்கிரதையா இருக்கணும்."

கிளைவுக்கு அழுகை வந்தது. மரியாதை கருதி அதைத் தும்மலாக மாற்றிக்கொண்டார்.

காலை முழுக்க நடந்தார்கள். ஒரு வெள்ளை வண்ணத்துப்பூச்சி வந்தது. எல்லோரும் அதை அலட்சியமாகப் பார்த்தார்கள். ஹெய்ன்ஸ் புதர் புதராகக் குனிந்து தேடினார். டாப்னி இருமுறை பிரபுவைக் கண்டார். முதலாவது ஒரு தேனீ, மற்றது கர்னலின் கைக்குட்டை. நண்பகலுக்குக் கொஞ்சம் முன்னால் மேகம் வந்து சூரியனை மூடியது. புல்வெளி சட்டென்று குளிர்ந்தது.

"போதும்," என்றார் ஹெய்ன்ஸ். "வெயில் இல்லன்னா எதுவும் பறக்காது. ரெண்டு சாட்சியை வச்சே முடிச்சிடலாம்." சற்றுத் தள்ளி முதுகைக் காட்டி உட்கார்ந்து, பையைக் கட்டத் தொடங்கினார். கர்னல் பிளாஸ்க்கின் மூடியைத் திருகினார்.

கிளைவ் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தார். இடது பூட்ஸின் கயிற்று முடிச்சில் அது உட்கார்ந்திருந்தது.

எவ்வளவு சின்னது! பழைய தேவாலயத்து ஜன்னல் ஒன்றை யாரோ நகத்தளவுக்குச் சுருக்கி, ஓரத்தில் வெள்ளை நூல் தைத்ததுபோல இருந்தது. குளிருக்குச் சிறகை விரித்து வைத்து, எங்கேயாவது கொஞ்சம் வெயில் மிச்சம் இருக்காதா என்று காத்திருந்தது. இத்தனை காலம் எத்தனையோ பேரை 'இப்போ தெளிவா தெரியுதா, இப்போ?' என்று கேட்டவர் கிளைவ். தனக்கு ஒன்று இவ்வளவு தெளிவாகத் தெரிந்தது இதுதான் முதல் தடவை என்று அந்த நிமிடத்தில் தோன்றியது. மகளை மறந்தார். மூலை வீட்டை மறந்தார்.

"இதோ இருக்கு," என்றார். "என் பூட்ஸ் மேல."

ஒரு வாரமாக மறுத்து மறுத்து மரத்துப்போன குரல். அதே குரலில்தான் இதுவும் வந்தது.

பிறகு கர்னல் தேநீர் தெறிக்கச் சிரித்தார். "பிரமாதம்! பூட்ஸ் மேலயாம்! முகத்துல ஒரு சிரிப்பு இருக்கா பாரு ஆளுக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவரும் குனியவில்லை. குனிந்து பார்த்தால் ஏமாந்தவன் ஆகிவிடுவோம். வேடிக்கைக்கு ஏமாறுவது அந்த ஊரில் கால்சட்டை இல்லாமல் தெருவுக்கு வருவதைவிட அவமானம்.

"நிஜமா சொல்றேன். வந்து பாருங்க."

"இன்னும் விடமாட்டேங்கறாரே!" கர்னலுக்குப் புரையேறியது.

ஹெய்ன்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. திரும்பாமலே கேட்டார்: "ஆல்டர்விக் அம்மா, அங்க ஏதாவது இருக்கா?"

டாப்னி கடமை உணர்ச்சியோடு வந்தார். இடுப்பில் கைவைத்துக் குனிந்து, கிளைவின் பூட்ஸை வெகுநேரம், மிகக் கண்டிப்பாகப் பார்த்தார். அவர் மூக்குக்கும் பிரபுவுக்கும் நடுவே ஒரு குடை நீளம் இருந்தது. பிரபு உணர்கொம்பை ஆட்டி வணக்கம்கூடச் சொன்னார்.

"சேறுதான் இருக்கு," என்றார் டாப்னி நிமிர்ந்து. "எனக்கு உங்க மேல வருத்தம், கிளைவ். இது விளையாடற விஷயமா?"

ஹெய்ன்ஸ் எழுந்து வந்தார். முகம் சிவந்திருந்தது. அவர் பார்வை கிளைவின் கண்களைவிட்டு இறங்கவே இல்லை. "மூணு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வந்திருக்கேன் சார். போன வாரம் பாத்ததும் இந்த மாதிரி வேடிக்கைதானா?"

"போன வாரம் எதையும் பாக்கலன்னு சொன்னேனே."

"சொன்னீங்க. இப்பத்தான் புரியுது."

அவருக்கு இப்போது மிச்சம் இருந்தது ஒரே ஒரு சாட்சி. ஒருவர் பார்த்தால் செல்லாது.

கிளைவ் வாயைத் திறந்தார். 'அந்தம்மாவுக்குக் கண் தெரியாது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஹெய்ன்ஸ் தலையைக் குனிவார். பிரபு பிழைப்பார். டாம்சினின் சமையலறை போகும். ஆனால் அது சோதனை அறையில் தெரிந்த விஷயம். தொழில் தர்மம் ஒன்று இருக்கிறதே. அந்தத் தர்மம் தனக்கு எவ்வளவு வசதியாக இருக்கிறது என்பது கிளைவுக்குத் தெரியாமல் இல்லை. வாயை மூடிக்கொண்டார்.

எல்லோரும் போனார்கள். போகிற வழியில் டாப்னி, "என்ன இருந்தாலும் புதுசா வந்தவர்," என்று சொல்வது கேட்டது. யாரும் குடை கொடுக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் டாம்சின் குழந்தை வண்டியைப் புல்லில் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். "திங்கக்கிழமை தோண்டறாங்களாம்! கர்னல் உங்களைத் திட்டிக்கிட்டே போறாரு. என்னப்பா செஞ்சீங்க? ஏன் இப்படி ஒத்தக்காலை நீட்டிக்கிட்டு நிக்கறீங்க?"

"கிட்ட வராத. மெதுவா. கீழ பாரு."

அவள் பார்த்தாள். முகத்தில் இருந்த சந்தோஷம் மெல்ல வேறு ஏதோவாக மாறியது.

"இதுவா அது?"

"இதுதான்."

"இத்தனூண்டா இருக்கு." வண்டியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அவங்ககிட்ட சொல்லலயா?"

"எல்லார்கிட்டயும் சொன்னேன்."

மேகம் விலகியது. பிரபு சிறகை ஒருமுறை மூடித் திறந்து, எழும்பி, கௌஸ்லிப் பூக்களுக்கு மேலே தாழப் பறந்து, மூலை வீட்டின் முளையில் கட்டியிருந்த சிவப்பு நாடாவில் போய் உட்கார்ந்தது. ரோவன் அதை நோக்கிக் கையை நீட்டி ஏதோ கத்தினான்.

"சமையலறை அங்கதான் வருது," என்றாள் டாம்சின்.

"தெரியும்மா."

அவள் வெகுநேரம் அந்த முளையையே பார்த்தாள். பிறகு குனிந்து, வண்டிக்கடியில் வைத்திருந்த குழந்தையின் மணல் கரண்டியை எடுத்துக்கொண்டாள். முளைகளுக்கு நடுவே மண்டியிட்டு, கௌஸ்லிப் செடி ஒன்றின் வேரைச் சுற்றி, வேலியோரத்துக்கு மாற்றி நடுவதற்காக, மண்ணைக் கிளறத் தொடங்கினாள்.

"சும்மா நிக்காதீங்கப்பா. திங்கக்கிழமைக்குள்ள முடிக்கணும்."