கிரிவலம் போன மெட்டு

திருவண்ணாமலையில் பத்து வருஷம் ஒரு மெட்டு மலையைச் சுற்றி வந்தது. வாசிக்க ஆள் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. பதினாலு கிலோமீட்டரை மனிதர் நடக்கிற வேகத்தில் நாலு மணி நேரத்தில் சுற்றும். ஒரு நாளைக்கு ஆறு சுற்று. செங்கம் ரோட்டில் ரமணாசிரமத்தை விடிகாலை நாலு, காலை எட்டு, பகல் பன்னிரண்டு என்று சரியாகக் கடக்கும். நாலு மணி மெட்டுக்கு இட்லி ஊற்றினார்கள். எட்டு மணி மெட்டு கேட்டும் வீட்டு வாசலில் நிற்காத பிள்ளையை விட்டுவிட்டுப் பள்ளிக்கூட வேன் போயிற்று. அந்த மெட்டில் பிசகு நேர்ந்ததாக யாரும் சொன்னதில்லை.

மெட்டு மல்லிநாதனுடையது. ஜானி பாஷா நடத்திய ஆர்கெஸ்ட்ராவில் அவன் கீபோர்டு வாசித்தான். கல்யாண வரவேற்புகளில் மணப்பெண்ணின் கார் வந்து நின்றதும் வாசிப்பதற்கென்றே அவன் போட்டது. எட்டு எண்ணிக்கைதான், முடிந்த இடத்திலேயே மறுபடி தொடங்கும். முதல் சுற்றில் கீபோர்டு மட்டும், புல்லாங்குழல் குரலில், காதோடு பேசுவது போல. அடுத்த சுற்றில் தபேலா சேரும். பிறகு கிடார், அதற்குப் பிறகு டிரம்ஸ், கடைசியில் டிரம்பெட். மெட்டு மாறாது, ஆள் கூடும், சத்தம் ஏறும். பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையில் இரண்டு நாற்காலியிலும் உட்கார்ந்ததும் மல்லிநாதன் வலது கையை உயர்த்துவான். எல்லாரும் ஒரே அடியில் நிறுத்துவார்கள். மண்டபம் ஒரு கணம் மூச்சடங்கி, பிறகு கைதட்டும். மாவட்டம் முழுக்க அந்த மெட்டுக்காகவே ஆர்கெஸ்ட்ராவைக் கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் உட்காராமல் கையை உயர்த்தக் கூடாது என்பது குழுவின் சட்டம். போளூரில் ஒரு மணப்பெண் தலையில் வைத்த பூ சரியில்லை என்று காரைவிட்டு இறங்க மறுத்தபோது முப்பத்தேழு சுற்று வாசித்தார்கள். டிரம்பெட்காரருக்கு உதடு வீங்கி இரண்டு நாள் கஞ்சிதான்.

மல்லிநாதனுக்கு இருபத்தொன்பது வயதில் கல்யாணம் நிச்சயமாயிற்று. பெண் பத்மினி, வந்தவாசிப் பக்கம் ஒரு சமணக் கிராமம். பெண் பார்க்கப் போன அன்று அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அந்த மெட்ட நீங்கதான் போட்டீங்களா? எங்க அக்கா கல்யாணத்துல கேட்டேன். அதுக்குள்ள உக்காந்துட்டாங்களேன்னு இருந்துச்சு." அதைவிடப் பெரிய பாராட்டு மல்லிநாதனுக்கு அதற்கு முன்பும் கிடைத்ததில்லை, பின்பும் கிடைக்கவில்லை.

மண்டபம் பிடிக்கப் போனவர் அவனுடைய பெரியப்பா. சித்திரை மாதம், முகூர்த்தங்கள் நெருக்கியடிக்கிற காலம். அப்படியும் கிரிவலப் பாதையின் கடைசி அரைக் கிலோமீட்டரில், ஏசி வைத்த பெரிய மண்டபம் ஒன்று அந்தத் தேதிக்குக் காலியாக இருப்பதைக் கண்டு அவர் உருகிப்போனார். ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. சமணர் வீடு, கிரிவலக் கணக்கு அங்கே யாரும் பார்ப்பதில்லை. பத்திரிகை ஊரெல்லாம் கொடுத்து முடிந்த பிறகு ஜானி பாஷாதான் தேதியை விரலால் தொட்டுச் சொன்னார். "இன்னா மல்லி, சித்ரா பௌர்ணமிபா அன்னைக்கு. பத்து லட்சம் பேரு சுத்தறப்போ நீ மட்டும் சேர்ல உக்காரப் போறியா?"

சூரியன் மறைந்தபின் சாப்பிடாத வீடு என்பதால் வரவேற்பு மாலை நாலரைக்கே தொடங்கிவிட்டது. ஐந்து மணிக்குப் பெண் வீட்டு வேன் போலீஸ் தடுப்பு வரை வந்துவிட்டதாகப் போன் வந்தது. அதற்குப் பிறகு கிரிவலக் கூட்டத்தில் எந்தப் போனும் வேலை செய்யவில்லை. கோட்டு சூட்டில் இருந்த மல்லிநாதன் மாப்பிள்ளை நாற்காலியிலிருந்து எழுந்துபோய்க் கீபோர்டு முன்னால் நின்றான். தன் பெண்ணுக்குத் தானே தொடங்கிவைக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. பத்து சுற்று போயிற்று. நாற்பது போயிற்று. ஆறு மணிக்குப் பெரியவர்கள் ஜன்னல் வழியே சூரியனைப் பார்த்தார்கள். "பொண்ணு வர வரைக்கும் அது நிக்குமா? பந்திக்கு வாங்க" என்றார் பெரியப்பா. மண்டபம் சாப்பாட்டுக் கூடத்துக்கு இறங்கிப்போய், சாப்பிட்டு, பஸ் கிடைக்காது என்று கலைந்தது. மேடையில் டிரம்பெட் முதலில் ஓய்ந்தது, பிறகு டிரம்ஸ், கிடார், தபேலா. தொடங்கியபோது போலவே கீபோர்டு மட்டும் மிஞ்சியது. பெரியப்பா மேடையேறி வந்து, "பொண்ணுக்கு மனசு இல்லடா. இறங்கி வா" என்று மெயின் சுவிட்சை இறக்கினார். கீபோர்டின் விளக்குகள் அணைந்தன. மல்லிநாதன் விரல்களை எடுத்துவிட்டான், ஆனால் கையை உயர்த்தவில்லை. மெட்டு நிற்கவில்லை. அது மேடையை விட்டு இறங்கி, காலி நாற்காலிகளுக்கு நடுவே போய், வாசல் வாழை மரத்தைத் தாண்டிக் கூட்டத்தோடு சேர்ந்து நடந்தது. பத்து லட்சம் பேர் நடக்கிற இடத்தில் ஒரு மெட்டு நடப்பதை யாரும் கவனிக்கவில்லை.

பெண் வீட்டிலிருந்து போன் வரவில்லை. இவர்களும் போடவில்லை. வராதவர்கள்தான் முதலில் பேச வேண்டும் என்றார் பெரியப்பா. நாலு மாதம் கழித்து அவளுக்கு வேறு இடத்தில் கல்யாணமாகிவிட்டதாகச் செய்தி வந்தது. மல்லிநாதன் யாரிடமும் கோபப்படவில்லை. அவனுக்கு ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும்: அவள் ஏன் வரவில்லை? வேண்டாம் என்று முடிவு செய்தாளா, எப்போது செய்தாள், வேனில் ஏறும் முன்னாலா, பின்னாலா? கீபோர்டை விற்றுவிட்டு ஜானி பாஷாவின் சவுண்ட் சர்வீஸில் ஒயர் இழுக்கிற வேலைக்குப் போனான். ஆசிரமத்துக்கு எதிரே ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டான். மெட்டு அந்த ஜன்னலுக்குக் கீழே வந்ததும் ஒரு சுற்று நின்று, மேலே பார்ப்பது போலத் தயங்கி, பிறகு நடக்கும். வேறு யாரும் அவனைத் தேடி வருவதில்லை. வேறு பெண்ணின் ஜாதகம் கொண்டுவந்த உறவினர்களும் இரண்டு வருஷத்தில் ஓய்ந்துவிட்டார்கள்.

முதல் வருஷம் அது கீபோர்டு மட்டும்தான். பிறகு ஒவ்வொரு பௌர்ணமிக்கும் பாதையிலிருந்து ஒரு சத்தம் அதோடு சேர்ந்தது. இளநீர் சீவுகிற அரிவாள், சாமியார்களின் சங்கு, கண்டக்டர் விசில், கரும்பு மிஷினின் சலங்கை, டவுன் பஸ் ஹாரன். எல்லாம் அதே எட்டு எண்ணிக்கைக்குள். அவன் அறைக்குக் கீழே இருந்த கஃபேயில் ஒரு வெளிநாட்டுக்காரர் மூன்று மாதம் உட்கார்ந்து, மிகப் பழைய கோயில் இசை என்று குறித்துக்கொண்டு போனார். ஐந்தாம் வருஷம் கண்ணாடி டம்ளர்கள் நடுங்கின. ஏழாம் வருஷம் பாதையோரப் பசுக்கள் மெட்டு கடந்தபின்தான் பால் கொடுத்தன. இதய நோயாளிகள் பாதையை விட்டுத் தள்ளியிருந்த வேங்கிக்காலுக்குக் குடிபோனார்கள். அங்கே வாடகை ஐந்நூறு ரூபாய் ஏறியது. பத்தாம் வருஷம் ஜன்னல்கள் உடையத் தொடங்கின. குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு பரீட்சை எழுதினார்கள். மெட்டு யாருடையது என்று அப்போதுதான் ஊருக்கு ஞாபகம் வந்தது. "கையத் தூக்கித் தொலைச்சா இன்னாபா?" என்று ஜானி பாஷாவே கேட்டார். மல்லிநாதன் சட்டத்தைச் சொன்னான். "ரெண்டு பேரும் உக்காரணும் பாய். நீங்க போட்ட ரூல்தானே?"

அந்த மாசி மாதம் கீழ்பென்னாத்தூரில் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு ஜானி பாஷா மைக் செட் கொண்டுபோனார். பிள்ளைகளுக்குக் காலணி மாட்டிவிட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாவை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. கல்யாணப் பத்திரிகையில் போட்ட போட்டோவிலிருந்து அதிகம் மாறவில்லை. திரும்பி வந்து மல்லிநாதனிடம், "புதன்கெழம பன்னெண்டு மணி ரவுண்டுக்கு வர்றேன்னுச்சு. மீதிய அதுகிட்டயே கேட்டுக்க" என்று மட்டும் சொன்னார்.

புதன்கிழமை ரோட்டோரம் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார் ஜானி பாஷா. பத்மினி பஸ்ஸிலிருந்து இறங்கி, கைப்பையோடு வந்து, ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். மல்லிநாதன் நின்றான்.

"நல்லா இருக்கீங்களா?" என்றாள்.

"ம். வீட்ல சொல்லிட்டு வந்தீங்களா?"

"அவரே பஸ் ஏத்திவிட்டாரு. முடிச்சுட்டு வா, எங்க ஊர் வரைக்கும் கேக்குதுன்னாரு."

பத்து வருஷமாகப் பழகி வைத்திருந்த கேள்வியை அவன் கேட்டான். "அன்னைக்கு ஏன் வரல?"

"வந்தேனே" என்றாள் பத்மினி.

வேனைத் தடுப்பில் நிறுத்திவிட்டார்கள். மண்டபம் அரைக் கிலோமீட்டர்தான், ஆனால் கூட்டம் வருகிற திசையில். பட்டுப்புடவையோடு அத்தையையும் கூட்டிக்கொண்டு இறங்கி, இரண்டு தடவை எதிரே போகப் பார்த்தாள். கூட்டம் திருப்பி விட்டது. பௌர்ணமியன்று அந்தப் பாதையில் எதிர்த்து நடக்க முடியாது. சுற்றித்தான் வர வேண்டும். சுற்றினாள். "செருப்பு கூட அந்துபோச்சு. ஆசிரமம் தாண்டினதும் பின்னாடியிருந்து உங்க மெட்டு வந்து கூடச் சேந்துக்குச்சு. நீங்க இன்னும் வாசிச்சுட்டு இருக்கீங்க, ஸ்பீக்கர்ல கேக்குதுன்னு நெனச்சேன். அது கூட வந்ததாலதான் நடந்தேன். மண்டபம் வந்து பாத்தா இருட்டு. கேட்டு பூட்டு. எங்கப்பா, இவ்ளோ நேரம் கூடக் காத்திருக்காதவங்க வீட்டுக்கு என் பொண்ணு போக வேணாம்னுட்டாரு."

 அதற்குள் கஃபேயின் தகரக்கூரை நடுங்கத் தொடங்கியது. சங்கும் விசிலும் அரிவாளுமாக மெட்டு திருப்பத்தைக் கடந்து வந்து, இரண்டு நாற்காலிக்கும் எதிரே நின்றது. பத்மினி உறவுக்காரர் வீட்டுப் பிள்ளையைப் பார்ப்பது போல அதைப் பார்த்தாள். "அப்பா! எவ்ளோ பெருசாயிடுச்சு" என்றாள். பிறகு அவனைப் பார்த்து, "உக்காருங்க. பசங்க ஸ்கூல் விட்டு வரதுக்குள்ள நான் போகணும்."

அவன் உட்கார்ந்தான். சட்டப்படி அப்போதே கை உயர்ந்திருக்க வேண்டும். ஒரு சுற்று போயிற்று, அவன் உயர்த்தவில்லை. இரண்டாவது சுற்று போயிற்று. எதிர்க்கடையின் கண்ணாடியில் விரிசல் விட்டது. ஜானி பாஷா பதறிப்போய்ப் பார்த்தார். பத்மினி அவசரப்படுத்தவில்லை. மூன்றாவது சுற்று முடிகிற இடத்தில் மல்லிநாதன் வலது கையை உயர்த்தினான். ஒரே அடியில் எல்லாம் நின்றது. கைதட்டுவதற்காக எழுந்த தன் கைகளை ஜானி பாஷா மறுபடி கீழே இறக்கினார். பத்மினி பையை எடுத்துக்கொண்டு, "வரேங்க" என்றாள். ஒரு மணி பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

அன்று மாலை நாலு மணிக்கு, மெட்டு வர வேண்டிய நேரத்தில், ஒரு அமைதி வந்தது. மெட்டு இருந்த அளவுக்கே நீளம், ரோட்டின் அகலம், நடக்கிற வேகம். அது கடக்கும்போது ஹாரன் அழுத்தினால் கேட்காது. பேசுகிறவர்களின் வாய் மட்டும் அசையும். முதல் வாரம் இரண்டு மூன்று பேர் காதுக்கு வைத்தியம் பார்த்தார்கள். பிறகு பழகிவிட்டது. இப்போது இட்லிக்காரர்கள் அதை வைத்துத்தான் மாவு ஊற்றுகிறார்கள். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் பாதையிலிருந்து ஒரு சத்தம் குறைகிறது. போன மாதம் கரும்பு மிஷினின் சலங்கை. வேங்கிக்காலில் வாடகை இறங்கிவிட்டது. எட்டு மணிக்கு மல்லிநாதன் மின்விசிறியை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்து வைக்கிறான். அமைதி கீழே வந்து, எட்டு எண்ணும் நேரம் நின்று, நடக்கிறது.